தோர்வா வம்சத்துக்குத் தண்ணீர்

ஆனி அமாவாசையன்று சாயங்காலம் கோதா சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டுகளை வைத்தாள்.

வீட்டில் மூன்று பேர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூன்று தட்டு வைத்துப் பழகிய கை அது. கண்ணை மூடிக்கொண்டு வைக்கச் சொன்னாலும் மூன்றுதான் வைக்கும். அன்றைக்கு இரண்டை வைத்து, இரண்டிலும் அரிசி உப்புமாவைப் பரிமாறி, கத்தரிக்காய் கொத்சை ஓரமாக ஊற்றி, புருஷன் ஹ்ருஷிகேஷுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடவும் ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் மாமனார் சடகோபன் தன் முன்னால் இருந்த வெறும் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா, எனக்கு மட்டும் இன்னிக்கு ஏகாதசியா?”

கோதா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பக்கத்தில் ஒருவர் இருப்பதே அப்போதுதான் தெரிந்த மாதிரி ஒரு பார்வை. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ மாமா! ஏழாம் மாசம் வந்ததுலேருந்து என் மூளை எங்கேயோ மேயப் போயிடறது.”

“குழந்தை பொறந்தா தானே திரும்பி வந்துடும்” என்று சடகோபன் சிரித்தார். “ஆனா ஒண்ணு, பேரன்னா என் பேரைத்தான் வைக்கணும். சடகோபன்னு கூப்பிட வெக்கமா இருந்தா கோபின்னு கூப்பிட்டுக்கோங்கோ.”

மூன்று பேரும் சிரித்தார்கள். ஹ்ருஷிகேஷுக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. வலது கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மோதிர விரல் நகத்துக்கடியில், காலையிலிருந்து எத்தனையோ தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் போகாமல், ஒரு கறுப்பு எள் ஒட்டிக்கொண்டிருந்தது.

தகப்பனார் உயிரோடு இருக்கிறவன் எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கூடாது. ஸ்ரீரங்கத்தில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அமாவாசைத் தர்ப்பணம் என்பது, போய்ச் சேர்ந்த அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எள் கலந்த தண்ணீரைக் கட்டைவிரல் பக்கமாக வழிய விட்டு, அவர்கள் தாகத்தைத் தீர்ப்பது. அப்பா இருக்கும்போதே அதைச் செய்தால், அவர் போய்விட்டார் என்று நீயே உன் வாயால் சொன்ன மாதிரி. ஹ்ருஷிகேஷ் அம்மா மண்டபத்துப் படித்துறையில் வாத்தியார். அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் கூட்டமாக மற்றவர்களுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்து இறைக்க வைப்பவன். துபாயிலும் டல்லாஸிலும் இருப்பவர்களுக்குச் செல்போனில் சொல்லி வைப்பவன். தன் கையால் ஒரு சொட்டு விட்டதில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். அன்று காலை அது விழுந்துவிட்டது.

காரணம் ஓர் இத்தாலிக்காரக் கிழவி.

அவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஓர் அமாவாசையன்று அந்த அம்மாள் அம்மா மண்டபத்துப் படியில் காலையிலிருந்து உச்சிவெயில்வரை உட்கார்ந்திருந்தார். உயரமானவர், வெள்ளைத் தொப்பி, விரலில் கனத்த மோதிரம். இவர்கள் எல்லாம் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். அப்பாவுக்கு ஒத்தாசையாக நின்றிருந்த ஹ்ருஷிகேஷ், இங்கிலீஷ் பேசக் கிடைத்த சந்தோஷத்தில், “பிள்ளை விடுகிற தண்ணீர் இருக்கிறவரைக்கும் வம்சத்துக்குத் தாகம் இல்லை” என்று சொன்னான். அந்த அம்மாள் வெகுநேரம் ஆற்றையே பார்த்தார். போகும்போது அவன் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

இத்தனை வருஷம் கழித்து அந்த நம்பருக்கு அழைப்பு வந்தது. பேசியவள் பிரான்சி, திருச்சி பாலக்கரைப் பெண், இத்தாலியில் அந்தக் கிழவியைக் கூட இருந்து பார்த்துக்கொள்பவள். அந்த அம்மாள், எலியோனோரா தெல்லா தோர்வா, படுத்த படுக்கையாக இருக்கிறார், கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, அவரோடு வம்சம் முடிகிறது என்றாள். செல்போனைத் திருப்பி வீட்டைக் காட்டினாள். மலைமேல் கோட்டை மாதிரி ஒரு கல்வீடு. அறைக்குப் பின்னால் அறை, எல்லாக் கதவுக்கும் இரும்புச் சாவி. கீழே தெரிந்த பள்ளத்தாக்கு முழுக்க ஒரு காலத்தில் அவர்களுடையதாம்: திராட்சைத் தோட்டங்கள், காடு, ஏரி, கிராமங்கள். பல நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பஞ்சத்தில், மலை ஊற்றை மதில் கட்டி மறித்து, ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு வயல் என்று எழுதி வாங்கிச் சேர்த்த சொத்து. வயல் இல்லாதவர்கள் மதிலுக்கு வெளியே நாக்கு வறண்டு செத்தார்கள். சொத்தெல்லாம் எப்போதோ விற்றுப் போயாயிற்று. வீடு மட்டும் மிச்சம்.

“அவங்க அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தாவுக்குத் தண்ணி விடணுமாம்ண்ணா” என்றாள் பிரான்சி. “நீங்கதான் விடணுமாம். உங்களைத்தான் ஞாபகம் வெச்சிருக்காங்க.”

யாருமற்றுப் போனவர்களுக்கு என்று பொதுவாக ஒரு கை தண்ணீர் விடுகிற வழக்கம் உண்டு. அப்பாவை இழந்த யாரையாவது வைத்துச் செய்துவிடலாம் என்று அவன் சொன்னான். பிரான்சி அதை இத்தாலிய மொழியில் சொன்னாள். கிழவி தலையாட்டி மறுத்தார். உலர்ந்த உதடுகளால் ஏதோ சொன்னார், சொல்லும்போதே அழுதார்.

“யாரோ எவரோன்னு விட்டா அவங்களுக்குப் போய்ச் சேராதாம்ண்ணா. நீங்க ‘என் அப்பா’ன்னு சொல்லணுமாம். ஒரு தடவை போதுமாம்.”

கிழவி அழுததைப் பார்த்து மனசு இளகிவிட்டது, அதுதான் நிஜம். அதோடு, முன்பின் தெரியாத சீமையில் இருக்கிற பெயர்கள், கேமராவுக்கு முன்னால் ஒரு நாடகம், இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று ஓர் அலட்சியமும் இருந்தது. ஆனி அமாவாசையன்று காலை அம்மா மண்டபத்துக்கு மேற்கே ஆளில்லாத படித்துறையில் செல்போனை நிறுத்திவைத்து, பூணூலை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு, என் தந்தை ஊகோ, என் பாட்டனார் பால்தஸ்ஸாரே, என் முப்பாட்டனார் ஒத்தோனே என்று மூவருக்கும் இறைத்தான். கடைசிக் கை தண்ணீர் ஆற்றில் விழுந்தபோது, நெடுநாள் பட்டினி கிடந்தவன் கஞ்சியை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஏதாவது மீனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வந்த அன்றைக்கே மேஜையில் இரண்டு தட்டு.

அதற்கப்புறம் அது நிற்கவில்லை. காலையில் கோதா இரண்டு டம்ளர் காபி கலந்தாள். ஹ்ருஷிகேஷ் பேசாமல் தன் டம்ளரை அப்பாவிடம் கொடுத்தான். துணி மடிக்கும்போது அப்பாவின் வேஷ்டியைப் பிரித்துப் பார்த்து, யாருடையது இது என்பது போலப் புரட்டிவிட்டு, கிழிக்கிற பழைய துணியோடு சேர்த்தாள். முதலில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு “மறந்துட்டேன்” என்றாள். ஆடி பிறந்தபோது ஒன்றும் சொல்வதில்லை.

அடுக்குமாடியின் காவல்காரர் நல்லுசாமி, சொந்த ஊரான உப்பிலியபுரத்துக்குப் போய்விட்டுத் திரும்பியவர், கேட்டருகே ஹ்ருஷிகேஷைப் பார்த்துத் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“பெரியவரு காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா சாமி? நான் ஊருல இருந்துட்டேன். ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா ஓடி வந்திருப்பேன்.”

“யார் சொன்னா உங்களுக்கு?”

நல்லுசாமி யோசித்தார். நெற்றியைச் சுருக்கி நன்றாகவே யோசித்தார். “யாரும் சொல்லலீங்க. ஆனா தெரியுதுங்களே.”

ஹ்ருஷிகேஷ் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால், கைத்தடியை ஊன்றி, திருமண் இட்ட நெற்றியில் வியர்வையோடு, அப்பா நின்றுகொண்டிருந்தார். நல்லுசாமி அவர் நின்ற இடத்தின் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊருல எல்லாருக்கும் கண் போயிடுத்தாடா?” என்றார் அப்பா. சிரிக்கத்தான் முயன்றார். அன்றோடு அவர் கீழே இறங்குவதை விட்டுவிட்டார்.

வீட்டில் ஒரு வாசனை வர ஆரம்பித்தது. சுட்ட பலாக்கொட்டை மாதிரி, ஆனால் பலாக்கொட்டை இல்லை. அதற்கடியில் வெயிலே படாத ஈரக்கல்லின் வாசனை, அதற்கும் அடியில் காடியாகிப்போன பழச்சாற்றின் புளிப்பு. சமையலறையில் தாளிக்கும் நேரத்தில் மறைந்து, விளக்கேற்றும் நேரத்தில் திரும்பி வரும். மூன்றாவது மாடி, அதற்குமேல் மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான். ஆனாலும் தலைக்குமேல் யாரோ கனத்த காலணியோடு நடந்தார்கள், ஓரிடத்தில் நின்றார்கள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆடிக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. அந்த வீட்டில் மொத்தமே நாலு கதவு. காற்றில் அவை அறைந்து சாத்திக்கொண்ட பிறகும், சுவருக்கு அந்தப் பக்கம் வேறு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே தூரமாகப் போயின. ஒவ்வொன்றின் முடிவிலும் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது.

“கோதா, உனக்குக் கேக்கறதா?”

“என்னது?” வயிற்றைத் தடவிக்கொண்டே புன்னகைத்தாள். “ஆத்துல மனுஷா நிறைஞ்சிருக்கற மாதிரி இருக்கு, இல்லையான்னா? நேக்கு இது பிடிச்சிருக்கு.”

ஹாலைத் தாண்டினால் ஒரு வாஷ்பேசின், அதைத் தாண்டினால் அப்பாவின் அறை. கைக்கு எட்டுகிற தூரம். ஆனால் அவர் இருமுவது இப்போது எங்கோ ஒரு பெரிய மாளிகையின் கோடியிலிருந்து வருகிற மாதிரி வந்தது. அவர் கூப்பிடும் குரல், பல சுவர்களில் மோதி, தேய்ந்து வந்து சேர்ந்தது.

“தீர்த்தம் கொண்டு வாடா…”

எப்போதும் அதுதான். தாகம். சொம்பு சொம்பாகக் குடித்தார். உதடு வெடித்திருந்தது. குடித்த தண்ணீர் தாடையில் வழிந்து தலையணை நனைந்தது, நாக்கு மட்டும் காய்ந்தே கிடந்தது.

ஒருநாள் சாயங்காலம், சொம்பை நீட்டிய மகனின் கையை அவர் பிடித்துக்கொண்டார். படித்துறையில் ஆயுசு முழுக்க அடுத்தவர் கைகளைப் பார்த்தவர். நகத்துக்கடியில் இருந்ததைப் பார்த்துவிட்டார்.

“எள்.”

ஹ்ருஷிகேஷ் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

“யாருக்குடா எறைச்சே?”

அவன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். திட்டுவார், எழுந்து உட்கார்ந்து வம்சத்தையே இழுத்துத் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது. சடகோபன் திட்டவில்லை. மகனின் கையை விட்டார். பிறகு, கடைக்குப் போகும்போது மறந்துபோய் விட்டுவிட்டுப் போன குழந்தை கேட்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

“நான் இருக்கேனேடா?”

ஹ்ருஷிகேஷ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுகைச் சத்தம் அறையைத் தாண்டி நீண்டுகொண்டே போய், எங்கேயோ கல்லில் மோதித் திரும்பி வந்தது.

அன்றே பிரான்சிக்குப் போன் செய்தான். அவளாகவே முந்திக்கொண்டாள்.

“சொல்லணும்னே இருந்தேன்ண்ணா. அம்மா போயிட்டாங்க. நீங்க அனுப்பின வீடியோவைப் பாத்தாங்க, அன்னிக்கே போயிட்டாங்க. கடைசியா என்ன சொன்னாங்க தெரியுமா? ‘பையன் கிடைச்சுட்டான்’னு சொன்னாங்க.”

“பிரான்சி, அந்த வீட்டுல… ஏதாவது சத்தம் கேக்குமா?”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“முன்னாடி கேக்கும்ண்ணா. நான் வந்த நாள்லேருந்து. பொழுது சாஞ்சா வீட்டுல இருக்கற குழாயெல்லாம் தானா திறந்துக்கும். யாரோ வாய வெச்சு உறிஞ்சற மாதிரி இருக்கும். நிறைய பேரு. பயந்துக்கிட்டே படுத்திருப்பேன்.” அவள் மூச்சு விட்டாள். அதில் அத்தனை ஆறுதல். “இப்ப ஒண்ணுமே இல்லைங்கண்ணா. நீங்க தண்ணி விட்ட அன்னிக்கோட நின்னுடுச்சு. எல்லாரும் கிளம்பிப் போன மாதிரி வீடு காலியா இருக்கு. நான் நிம்மதியா தூங்கறேன். உங்களுக்குத்தான் புண்ணியம்.”

போனை வைத்தான். சமையலறையில் குழாய் திறந்துகொண்டது.

மறுநாள் அந்திப்பொழுதில் சந்தியாவந்தனம் பண்ண உட்கார்ந்தான். முடிவில் எழுந்து நின்று, காதைத் தொட்டு, நான் இந்த ரிஷிகளின் வழியில், இந்தக் கோத்திரத்தில் வந்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் இடம் வந்தது. ஏழு வயதில் பூணூல் போட்ட நாளிலிருந்து சொல்வது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். பார்க்கவ, ச்யாவன என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தான்.

வரவில்லை.

ரிஷிகள் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. துழாவினான். வியர்த்தது. நாக்கு தானாகப் புரண்டது. ஊகோ. பால்தஸ்ஸாரே. ஒத்தோனே. அதோடு நிற்கவும் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தராத பெயர்கள். அதற்கு முந்தைய பெயர்கள். அதற்கும் முந்தையவை. அறையின் நாலு பக்கத்திலும், ஒவ்வொரு பெயருக்கும் யாரோ லேசாகத் தொண்டையைக் கனைத்தார்கள். வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி.

உள்ளங்கையால் தன் வாயை அடைத்துக்கொண்டான்.

அப்பாவின் அறைக்கு ஓடினான். ஓட வேண்டியிருந்தது. வாஷ்பேசினைத் தாண்டியும் சுவர் நீண்டது. டைல்ஸ் தரை முடிந்து காலடியில் கரடுமுரடான கல் தட்டுப்பட்டது. குளிர். இரண்டு பக்கமும் கதவுகள், எல்லாம் பூட்டியிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் மூச்சு. கடைசியில் ஒரு நாற்பது வாட்ஸ் பல்பின் மஞ்சள் வெளிச்சம். அதில், கட்டிலில், அப்பா. முன்பைவிடச் சின்னவராக.

“நீ குடுக்கற தீர்த்தம் நாக்குல படவே மாட்டேங்கறதுடா” என்றார். “என்ன தீர்த்தம் கேக்கறேன்னு நோக்குத் தெரியும். அதை மட்டும் குடுத்துடாதே.”

“மாட்டேன்ப்பா.”

“நான் கேட்டா கூடக் குடுத்துடாதே.”

ஆடி அமாவாசை வந்தது. ஹ்ருஷிகேஷ் ஒன்றைத் தீர்மானித்திருந்தான். அதே படித்துறைக்குப் போய், எங்கே கூப்பிட்டானோ அங்கேயே, நீங்கள் என் அப்பன் பாட்டன் இல்லை, யாரோ எவரோ, அநாதைகள், இதைக் குடித்துவிட்டுப் போங்கள் என்று பொதுவான தண்ணீரை விட்டு அனுப்பிவிடுவது. அதற்கும் தனக்கு அருகதை இல்லை என்று தெரியும். இன்னொருவனை இதில் இழுத்துவிட மனசு வரவில்லை.

விடிவதற்கு முன் குளித்துவிட்டு அப்பாவைப் பார்க்கப் போனான். வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மார்பில் கை வைத்தான். ஏறி இறங்கியது. சூடு இருந்தது. இருக்கிறார். அப்பா இருக்கிறார்.

கோதா ஹாலில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

“நான் வர்ற வரைக்கும் அப்பாவைப் பார்த்துக்கோ.”

“சரின்னா” என்றாள். நிமிர்ந்து, அன்போடுதான், கேட்டாள்: “யாரோட அப்பாவை?”

அவன் படியிறங்கி ஓடினான்.

அம்மா மண்டபம் சாலை முழுக்க ஜனம். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்பெஷல் பஸ்கள் முசிறிக்காரர்களையும் துறையூர்க்காரர்களையும் கொட்டிக்கொண்டே இருந்தன. பூசணிக்காய், அகத்திக்கீரை, ஈரத்துணி, கற்பூரம். ஒலிபெருக்கியில் குழந்தையைத் தொலைத்த யாருக்கோ அறிவிப்பு. மேட்டூர் திறந்து காவிரி கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. மேற்கே அவனுடைய படித்துறையிலும் இன்றைக்கு ஆட்கள் முழுகிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் இருக்கிறார்கள், இத்தனை வெளிச்சம் வரப்போகிறது, என்ன ஆகிவிடும் என்று தைரியம் சொல்லிக்கொண்டு, கடைசிப் படியில் உட்கார்ந்து தர்ப்பையை விரலில் மாட்டினான்.

எள்ளை எடுத்தான். தண்ணீரைச் சேர்த்தான். யாருமற்றவர்களுக்கு என்று சொல்ல வாயைத் திறந்தான்.

“என் தந்தை ஊகோ” என்றது வாய்.

இல்லை. மறுபடியும். யாருமற்ற…

“என் தந்தை ஊகோ.”

அவன் மடியருகே தண்ணீர் அசைவதை நிறுத்தியது. ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஓர் இடம் மட்டும் நின்றது. அதிலிருந்து இரண்டு கைகள் வந்தன. வெளுத்த, நீண்ட விரல்கள். ஒன்றில் கனத்த மோதிரம். ஏந்திய கைகள். அவற்றின் பின்னால் ஒரு முகம், கண்ணை மூடி, உதடு பிளந்து.

அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால்.

ஆற்றின் குறுக்கே ஒரே வரிசை. கம்பளி உடைகள், கழுத்துப் பட்டைகள், இரும்புக் கவசங்கள், வயசாளிகள், இளைஞர்கள். ஊற்றை மறித்தவன்வரை. எல்லாரும் கையேந்தி. முழுகி எழுகிறவர்கள் அவர்களினூடே முழுகி எழுந்தார்கள். ஒருத்தி ஒருவனின் மார்பு வழியாகப் பூவை விட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

ஹ்ருஷிகேஷ் எழுந்திருக்கப் பார்த்தான். அப்போதுதான் வரிசையின் கோடியைப் பார்த்தான்.

அக்கரை ஓரம். மலைக்கோட்டையின் நிழல் தண்ணீரில் விழுகிற இடம். எல்லாருக்கும் கடைசியில் ஒரு மூக்குக் கண்ணாடி விடியல் வெளிச்சத்தில் மின்னியது. திருமண். பஞ்சகச்சம். படித்துறையில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே, சிந்தாமல், விரல் பிரியாமல், கையைக் குவித்துப் பிடித்திருந்தார்.

“அப்பா!”

அவர் பார்த்தார். கோபம் இல்லை. தாகம்தான். தன் முறை வரக் காத்திருக்கிறவரின் முகம்.

குடுத்துடாதே என்று சொன்னவர்.

விடாவிட்டால் அவர் அங்கேயே நிற்பார். என்றைக்கும். நாக்கு காய்ந்து. விட்டால், முன்னால் இருக்கிற இத்தனை பேரும் குடித்த பிறகுதான் அவர். இத்தனை பேரும்.

கை தானாகச் சாய்ந்தது. அப்படித்தான் பிற்பாடு அவனால் நினைத்துக்கொள்ள முடிந்தது. எள்ளோடு தண்ணீர் கட்டைவிரலின் பக்கமாக வழிந்து விழுந்தது. அந்த உறிஞ்சுகிற சத்தம். ஊகோ தெல்லா தோர்வா குடித்தார். கண்ணைத் திறந்தார். எழுந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட, ஹ்ருஷிகேஷின் தோளை உரசிக்கொண்டு, படியேறினார். பலாக்கொட்டை வாசனை. ஈரக்கல். கருங்கல் படியில் கனத்த காலணியின் ஈரத்தடங்கள், ஒவ்வொன்றாக, அம்மா மண்டபம் சாலைப் பக்கம் போயின.

உட்கார்ந்தபடியே இருந்தான். எத்தனை நேரமோ. பையில் போன் அடித்தது. ஈரக் கையால் எடுத்தான்.

“ஏன்னா, எங்கே இருக்கேள்?” கோதாவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “சீக்கிரம் வாங்கோ. உங்க அப்பா வந்திருக்கார்.”

“கோதா. கதவைத் திறக்காதே.”

“ஏற்கனவே உள்ள வந்து உக்காந்தாச்சே. பாவம், காலெல்லாம் ஈரம். தீர்த்தம் கேட்டார், குடுத்தேன்.” யாரோ பேச, அவள் கேட்டுச் சிரிப்பது கேட்டது. “குழந்தைக்கு என்ன பேர் வைக்கணும்னு சொல்லிண்டிருக்கார்.”

போன் படியில் விழுந்தது. அவன் மடியருகே அடுத்த இரண்டு கைகள் ஏந்தி நின்றன.

தூரத்தில், அக்கரை ஓரத்தில், அப்பா ஓர் இடம் முன்னால் நகர்ந்து, மறுபடியும் கையைக் குவித்தார்.